ஒரு டிஷ், நாலு டிவி: ‘ஃபோர் அவுட்’ எல்.என்.பி. வாங்கலாமா?

பழைய வண்ணாரப்பேட்டையிலோ தண்டையார்பேட்டையிலோ ஏதாவது ஒரு மொட்டை மாடியில் ஏறிப் பாருங்கள். கீழ் போர்ஷனுக்கு ஒன்று, மாடி போர்ஷனுக்கு ஒன்று, ஹவுஸ் ஓனருக்கு ஒன்று என்று கைப்பிடிச் சுவர் முழுக்க டிஷ். அதில் பாதி ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரே சாட்டிலைட்டுக்கு மூன்று டிஷ் எதற்கு? ஒன்று போதும். அதன் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், சிக்னலைப் பிடித்து ஒயரில் இறக்கும் எல்.என்.பி.யை மட்டும் மாற்றினால் நாலு பாக்ஸ் வரை ஓடும். கடையில் ‘ஃபோர் அவுட்’ அல்லது ‘குவாட்’ என்று கேட்டால் கிடைப்பது இதுதான். விலை சில நூறு ரூபாய்.

எங்கள் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒரே சாட்டிலைட்டை நம்பியிருக்கும் மூன்று நாலு பாக்ஸ் உள்ள வீட்டுக்கு இதைவிட மலிவான, சரியான வழி கிடையாது, தாராளமாக வாங்கலாம். இரண்டே பாக்ஸ் என்றால் ‘டூ அவுட்’ போதும். ஒரு ஒயரை இரண்டு, நாலாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒரே ஒரு இடத்தில்தான் உருப்படியாக வேலை செய்யும், அதைக் கீழே சொல்கிறோம். ஆனால் காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று கடல் காற்று நேரே அடிக்கிற பக்கம் குடியிருப்பவர்கள் எந்த எல்.என்.பி. என்று யோசிப்பதைவிட எந்தக் கனெக்டர், எந்தக் கேபிள் என்று இரண்டு மடங்கு யோசிக்க வேண்டும். அங்கே முதலில் போவது இணைப்புதான், எல்.என்.பி. இல்லை.

ஸ்ப்ளிட்டர் ஏன் ஏமாற்றுகிறது என்று புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். கேபிள் டிவி ஒயரில் எல்லாச் சேனலும் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும், எத்தனை வீட்டுக்கு வேண்டுமானாலும் கிளை பிரிக்கலாம். டிஷ் ஒயர் அப்படி இல்லை. சாட்டிலைட்டிலிருந்து வருவது செங்குத்து, கிடை என்று இரண்டு அலைத்தளம், அதாவது அலை அதிரும் திசை. ஒவ்வொன்றிலும் கீழ்ப்பட்டை, மேல்பட்டை என்று இரண்டு அலைவரிசைப் பகுதி. ஆக நாலு கூறு. ஒரு ஒயரில் ஒரு நேரத்தில் இறங்குவது அதில் ஒரு கூறுதான். எது வேண்டும் என்று பாக்ஸ்தான் மேலே சொல்லி அனுப்புகிறது: 13 வோல்ட் கொடுத்தால் செங்குத்து, 18 வோல்ட் கொடுத்தால் கிடை. கூடவே 22 கிலோஹெர்ட்ஸ் சிக்னல் ஒன்றைச் சேர்த்து அனுப்பினால் மேல்பட்டை. எல்.என்.பி.க்குக் கரண்டும் அதே ஒயர் வழியாகத்தான் போகிறது.

இப்போது ஒரே எல்.என்.பி.யின் கீழ் ஸ்ப்ளிட்டர் போட்டு இரண்டு பாக்ஸ் மாட்டுங்கள். ஹாலில் இருப்பவர் 18 வோல்ட் கேட்கும் சேனலுக்குப் போகிறார். உள் ரூமில் 13 வோல்ட் சேனல் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு வாயிலும் பவர் போகும் ஸ்ப்ளிட்டர் என்றால் அதிக வோல்ட்டேஜ் ஜெயிக்கும். உள் ரூமில் ‘நோ சிக்னல்’. ஒரு வாயில் மட்டும் பவர் போகும் ஸ்ப்ளிட்டர் என்றால் வேறு கூத்து: பவர் கொடுக்கும் பாக்ஸை யாராவது சுவர் சுவிட்சில் அணைத்தால் இரண்டு டிவியும் இருண்டுவிடும். ‘நைட்டுல மட்டும் சிக்னல் போகுது’ என்று சொல்பவர்கள் வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஸ்ப்ளிட்டர் ஒழுங்காக ஓடும் அந்த ஒரே இடம் டிடி ஃப்ரீ டிஷ். 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலே இருக்கும் ஜிசாட்-15 சாட்டிலைட்டிலிருந்து வரும் அதன் சேனல்கள் செங்குத்து அலைத்தளத்தில், கீழ்ப்பட்டையில் இருக்கின்றன. எல்லாப் பாக்ஸும் அதே 13 வோல்ட்டைத்தான் கேட்கும், சண்டைக்கே இடமில்லை. எனவே மாதக் கட்டணம் இல்லாமல் டிடி தமிழும் மற்ற இலவசச் சேனல்களும் போதும் என்பவர்கள் இரண்டு டிவிக்கு ஸ்ப்ளிட்டர் போட்டுக்கொள்ளலாம். ஒரு கவனம்: கேபிள் டிவி ஸ்ப்ளிட்டரைக் கையில் திணித்துவிடுவார்கள். அதன் மேல் 5–1000 மெகாஹெர்ட்ஸ் என்று இருக்கும். டிஷ் ஒயரில் ஓடுவது 950 முதல் 2150 வரை. ஃப்ரீ டிஷ்ஷின் 11090 மெகாஹெர்ட்ஸ் அலை, எல்.என்.பி.யில் 9750 கழிந்து 1340 ஆகக் கீழே இறங்குகிறது. 1000-க்கு மேல் விடாத ஸ்ப்ளிட்டரில் அது திணறும். 2400 வரை என்று அச்சிட்டதையே வாங்குங்கள். இரண்டு வாய் ஸ்ப்ளிட்டர் சுமார் 4 டெசிபெல், நாலு வாய் 7 டெசிபெல்லுக்கு மேல் சிக்னலைச் சாப்பிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

‘ஃபோர் அவுட்’டில் இந்தச் சண்டை எதுவும் கிடையாது. உள்ளே ஒவ்வொரு வாய்க்கும் தனித் தனி சுவிட்ச் இருப்பதால், நாலு பாக்ஸும் நாலு விதமாகக் கேட்டாலும் நாலு விதமாகக் கொடுக்கும். ஒரு பாக்ஸை அணைத்தால் மற்றது பாதிக்காது, ஓடுகிற பாக்ஸிலிருந்து கரண்ட் எடுத்துக்கொள்ளும். இதற்கு நாம் கொடுக்கும் விலை ஒயர்: நாலு பாக்ஸ் என்றால் மாடியிலிருந்து நாலு தனி ஒயர் இறங்க வேண்டும். நடுவில் எங்கேயும் கிளை பிரிக்கக் கூடாது.

வாங்கும்போது பெரிய குழப்பம் பெயரில். ‘குவாட்’ வேறு, ‘குவாட்ரோ’ வேறு. இரண்டிலும் நாலு வாய் இருக்கும், பார்த்தால் இரட்டைப் பிள்ளை மாதிரி இருக்கும். குவாட்ரோவில் ஒவ்வொரு வாயிலும் ஒரே ஒரு கூறுதான் நிரந்தரமாக வரும். அது பல வீட்டுக்குப் பிரித்துக் கொடுக்கும் மல்ட்டி சுவிட்ச் பெட்டிக்கு மட்டுமே ஆனது. அதை நேராகப் பாக்ஸில் மாட்டினால் கொஞ்சம் சேனல் வரும், மிச்சம் வராது. வாய்களின் பக்கத்தில் ‘வி.எல்., எச்.எல்., வி.எச்., எச்.எச்.’ என்று பொறித்திருந்தால் அது குவாட்ரோ, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டோ மூர் மார்க்கெட்டோ, எங்கே வாங்கினாலும் அட்டையைத் திறந்து பொருளைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

உடம்பில் 9.75/10.6 கிகாஹெர்ட்ஸ் என்று இருக்க வேண்டும், அதுதான் யூனிவர்சல். அதற்குக் கீழே ‘நாய்ஸ் 0.1 டெசிபெல்’ என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். அதை நம்பி இருபது ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டாம், அச்சடிக்க மை இருந்தால் போதும். அதைவிட முக்கியம் கழுத்தின் குறுக்களவு. சாதாரண யூனிவர்சல் எல்.என்.பி.யின் கழுத்து 40 மி.மீ.; உங்கள் டிஷ்ஷின் பிடிப்பு வளையமும் அதே அளவா என்று மாடி ஏறி அளந்துகொண்டு போங்கள். கம்பெனி கொடுத்த டிஷ் சிலவற்றில் எல்.என்.பி.யே பிடிப்போடு சேர்ந்து வார்த்தது. அதற்குத் தனியாக 40 மி.மீ. ஹோல்டர் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டுக் கம்பி போட்டுச் சுற்றி, முதல் காற்றிலேயே தொங்கிவிடும்.

மலிவு ‘ஃபோர் அவுட்’டைச் சோதிக்க ஒரு சுலபமான வழி: ஒரு பாக்ஸில் ஒரு சேனலை ஓட விடுங்கள். இன்னொரு பாக்ஸில் அந்தப் பக்கம் இந்தப் பக்கமாகப் பத்து இருபது சேனல் மாற்றுங்கள். முதல் டிவியில் படம் கட்டம் கட்டமாகச் சிதறினாலோ ஒரு விநாடி நின்று போனாலோ, உள்ளே வாய்களுக்கிடையே தடுப்பு சரியில்லை. அது சரியாகாது. மாற்றிக்கொள்ளுங்கள்.

டிஷ் எங்கே நிற்கலாம்

டிஷ்களை ஒன்றாக்கும்போது, இருப்பதிலேயே நல்ல இடத்தில் உள்ளதை வைத்துக்கொண்டு மற்றதைக் கழற்றலாம். வடசென்னையில் நிறையப் பேர் பக்கத்து வீட்டுக்காரர் மேல்தளம் எழுப்பிவிட்டால் சிக்னல் போய்விடும் என்று பயப்படுகிறார்கள். பெரும்பாலும் வீண் பயம். சென்னையிலிருந்து 93.5 டிகிரி சாட்டிலைட் தென்கிழக்கே, சுமார் 68 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்ட தலைக்கு மேல் இருக்கிறது. கணக்கு இதுதான்: சுவர் டிஷ்ஷிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருந்தால், டிஷ்ஷைவிட இரண்டரை மீட்டர் உயரம் போனால்தான் மறைக்கும். டாடா ப்ளே பார்க்கும் 83 டிகிரி இன்னும் உயரம், 74 டிகிரி, தெற்கிலிருந்து கொஞ்சம் கிழக்கே தள்ளி. ஏர்டெல்லின் 108.2 மட்டும்தான் தாழ்வு, 54 டிகிரி. அதற்கு 1 மீட்டர் தூரத்துக்கு ஒன்றரை மீட்டர் சுவரே எமன். ஒண்டுக்குடித்தனத்து நடு முற்றத்தில்கூட 83-க்கும் 93.5-க்கும் வானம் கிடைத்துவிடும், அளந்து பாருங்கள்.

மறைப்பைவிட இங்கே பெரிய தொல்லை காத்தாடி நூல். எல்.என்.பி. கையில் சிக்கிய நூலை யாராவது கீழிருந்து வெடுக்கென்று இழுத்தால், டிஷ் ஒன்றிரண்டு டிகிரி நகர்ந்தாலே போதும், மழைக்கு நின்று பிடிக்கிற தெம்பு போய்விடும். வெயிலில் படம் நன்றாகத் தெரியும், தூறல் போட்டால் போய்விடும் என்ற புகாருக்குப் பாதி காரணம் இப்படி லேசாகத் திரும்பிய டிஷ்தான்.

மாற்றும் முறை

எல்லாப் பாக்ஸையும் சுவர் சுவிட்சில் அணையுங்கள், ரிமோட்டில் இல்லை. ரிமோட்டில் அணைத்த பாக்ஸ் ஒயரில் வோல்ட்டேஜ் விட்டுக்கொண்டே இருக்கலாம். மேலே நடு ஊசி உடம்பில் பட்டால் பாக்ஸின் சப்ளை பகுதி போய்விடும்.

பழைய எல்.என்.பி.யைக் கழற்றும் முன் மார்க்கர் பேனாவால் இரண்டு கோடு போடுங்கள். கழுத்து வளையத்துக்குள் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று ஒன்று, எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று ஒன்று. சென்னை நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில், 13 டிகிரியில் இருப்பதால் கிழக்கே தள்ளியுள்ள சாட்டிலைட்டுகளுக்கு எல்.என்.பி. நன்றாகவே சாய்ந்துதான் நிற்க வேண்டும். ‘கோணலா இருக்கே’ என்று யாராவது அதை நேராக்கிவிட்டால், செங்குத்தும் கிடையும் ஒன்றோடொன்று கலந்து, ஒரு பகுதி சேனல் மட்டும் இழுபறியாகும். டிஷ்ஷின் நட்டை இந்த வேலையில் தொடவே கூடாது.

புதியதை அதே ஆழத்தில், அதே சாய்வில் செருகி, லேசாக இறுக்குங்கள். கீழே ஒருவர் பாக்ஸ் மெனுவில் சிக்னல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு போனில் சொல்லட்டும். எல்.என்.பி.யை ஒரு விரல் அகலம் இப்படியும் அப்படியும் திருப்பி, குவாலிட்டி எங்கே உச்சமோ அங்கே நிறுத்தி முழுதாக இறுக்குங்கள். பார்க்க வேண்டியது குவாலிட்டி, ஸ்ட்ரென்த் இல்லை. ஸ்ட்ரென்த் 90 காட்டினாலும் குவாலிட்டி சுழியாக இருந்தால் படம் வராது. இறங்கும் முன் அதே ஒயரை நாலு வாயிலும் மாற்றி மாற்றிச் செருகி, நாலும் வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒரு வாய் செத்த பீஸ் அபூர்வம் இல்லை. அது தெரியாமல் வீட்டுக்குள் பாக்ஸைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

ஒயரும் கனெக்டரும்

ஆர்ஜி-6 வகை ஒயர் மட்டும். நடுக் கம்பி செம்பா, செம்பு பூசிய இரும்பா என்று காந்தம் வைத்தால் தெரிந்துவிடும். சிக்னலுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் ‘ஃபோர் அவுட்’ பழைய எல்.என்.பி.யைவிட அதிகக் கரண்ட் இழுக்கும். இரும்புக் கம்பியில் 50, 60 மீட்டர் போனால் 1 வோல்ட்டோ அதற்கு மேலோ வழியிலேயே கரைந்துவிடும். மூன்று மாடி வீட்டுக்கு 20 மீட்டர்தான் வரும் என்பதால் பெரிய கவலை இல்லை. ஹவுசிங் போர்டு பிளாக்கில் மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்குச் சுற்றி இறக்குபவர்கள் செம்பு வாங்குங்கள். சிக்னல் இழப்பு 20 மீட்டருக்கு 6 டெசிபெல் போல, எந்தப் பாக்ஸும் தாங்கும்.

கனெக்டர் மாட்டுவதில்தான் கை வேலை தெரியும். மேல் தோலைச் சுற்றி வெட்டி, அதற்கு உள்ளே இருக்கும் உலோகப் பின்னலைப் பின்னால் மடித்து, வெள்ளை நுரையை நடுக் கம்பியில் கீறல் விழாமல் எடுக்க வேண்டும். கனெக்டருக்குள் தள்ளும்போது நுரையின் வெள்ளை முகம் உள்தளத்தோடு சமமாக வந்து உட்கார வேண்டும். கம்பி விளிம்பைத் தாண்டி 2 முதல் 3 மி.மீ. நீட்டினால் போதும். பின்னலின் ஒரே ஒரு இழை, முடி போல, நடுக் கம்பியைத் தொட்டால் ‘எல்.என்.பி. ஷார்ட்’ என்று திரையில் வரும். முறுக்கி ஏற்றும் கனெக்டர் வேண்டாம், அமுக்கும் கருவியால் அழுத்துகிற கம்ப்ரெஷன் கனெக்டர் போடுங்கள். மாட்ட வருகிறவரிடம் அந்தக் கருவி இருக்கிறதா என்று போனிலேயே கேளுங்கள். பல்லால் கடித்து ஒயர் உரிப்பவர் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

கடலோரத்தில் இந்தக் கனெக்டரை ஒரு வருடம் கழித்துக் கழற்றினால் உள்ளே வெள்ளைப் பொடி கொட்டும். அலுமினியப் பின்னலை உப்பு தின்ற மிச்சம் அது. நடு ஊசி பச்சை பிடித்திருக்கும். நம் ஊர் டிஷ் தென்கிழக்கே, அதாவது கடலைப் பார்த்தே திரும்பியிருப்பதால் உப்புக் காற்று நேராக எல்.என்.பி. மேல்தான் வந்து விழுகிறது. சாதாரண கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு கத்திரி வெயிலைத் தாங்காது, பசை உருகி அவிழ்ந்து, தண்ணீரைத் தேக்கி வைக்கும். கேட்க வேண்டியது தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப். அதை இழுத்து நீட்டி, கீழிருந்து மேலாக, பாதிக்குப் பாதி ஏறும்படி சுற்ற வேண்டும். கூரை ஓடு மாதிரி மேல் சுற்று கீழ்ச் சுற்றை மூடும். மாட்டும் முன் மரையில் கொஞ்சம் சிலிகான் கிரீஸ்.

‘ஃபோர் அவுட்’டை வாங்குபவர்கள் கவனிக்காத இன்னொன்று: சாய்த்து மாட்டும்போது அதன் நாலு வாயில் ஒன்றிரண்டு மேல் பார்த்தபடி நிற்கும். மூன்று பாக்ஸ்தான் என்றால், மேல் பார்க்கும் வாயைக் காலியாக விட்டு அதற்கு ரப்பர் மூடி போட்டு டேப் சுற்றுங்கள். திறந்து கிடக்கும் ஒரு வாய் வழியாக ஐப்பசி மழை உள்ளே இறங்கினால் மற்ற மூன்றும் சேர்ந்து போகும். எல்லா ஒயரும் வீட்டுக்குள் நுழையும் முன் ஒரு சாண் கீழே தொங்கி மேலேறட்டும். தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், சுவர் ஓட்டை வழியாகப் பாக்ஸுக்கு வராது.

எது போனால் எப்படித் தெரியும்

மழையில் குவாலிட்டி இறங்கினால் அது வானம், அல்லது திரும்பிய டிஷ். எந்த நேரமும் ஸ்ட்ரென்த் இறங்கிக் கிடந்தால் ஒயர், கனெக்டர், ஸ்ப்ளிட்டர். உச்சி வெயிலில் போய் சாயங்காலம் தானாக வந்தால் எல்.என்.பி. சூட்டில் அலைவரிசை நழுவுகிறது, மாற்ற வேண்டியதுதான். ஒரு பாக்ஸில் மட்டும் பாதிச் சேனல் இல்லை என்றால், அந்த ஒயரை ஓடுகிற பாக்ஸின் ஒயரோடு மாற்றிப் பாருங்கள். குறை ஒயரோடு போனால் மேலே தவறு. அதே பாக்ஸில் தங்கினால் பெரும்பாலும் பாக்ஸ் 18 வோல்ட் கொடுக்கவில்லை. மல்ட்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து, பாக்ஸின் டிஷ் வாயில் நடுவுக்கும் உடம்புக்கும் இடையே பாருங்கள்: ஒருவகைச் சேனலில் 13 பக்கம், மறுவகையில் 18 பக்கம் வர வேண்டும். பழைய மலிவு பாக்ஸில் உள்ளே கெப்பாசிட்டர் உப்பி, 18 வர வேண்டிய இடத்தில் 14-இல் நிற்கும். ஊசி சறுக்கி ஷார்ட் ஆகாமல் கவனம்.

எதற்கு உதவாது

இது ஒரு சாட்டிலைட்டை நாலாகப் பங்கு போடும், நாலு சாட்டிலைட்டைக் கொண்டுவராது. ஹவுஸ் ஓனர் டாடா ப்ளே, குடித்தனக்காரர் ஃப்ரீ டிஷ் என்றால் 83-க்கும் 93.5-க்கும் தனித் தனி டிஷ்தான். சன் டைரக்டும் ஜிசாட்-15-ஐப் பயன்படுத்துவதால் 93.5-ஐப் பார்க்கும் அதன் டிஷ்ஷில் ‘டூ அவுட்’ போட்டு ஃப்ரீ டிஷ் பாக்ஸை ஓட்டலாம்; இந்தப் பக்கம் அதிகம் உபயோகப்படும் ஜோடி இது. கடையில் ‘டைசெக் சுவிட்ச்’ என்று ஒன்றைக் காட்டினால் வாங்காதீர்கள்: அது பல எல்.என்.பி.யை ஒரு பாக்ஸுக்குக் கொண்டுவருவது, நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். கட்டண டி.டி.எச். பாக்ஸ் எத்தனை மாட்டினாலும் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் உண்டு, எல்.என்.பி. அதை மிச்சப்படுத்தாது.

நாலைத் தாண்டினால்? ‘ஃபோர் அவுட்’டின் கீழ் ஸ்ப்ளிட்டர் சேர்த்து ஆறு, எட்டு என்று இழுப்பவர்கள் பழைய சண்டையை மறுபடி வீட்டுக்குள் கூப்பிடுகிறார்கள். எட்டுக் குடித்தனத்துக்கு குவாட்ரோ எல்.என்.பி.யும் ‘5க்கு 8’ மல்ட்டி சுவிட்சும்தான் வழி. நாலு ஒயர் சாட்டிலைட்டிலிருந்து உள்ளே, ஐந்தாவது வாய் ஆன்டெனாவுக்கு, எட்டு ஒயர் வெளியே. அதற்குத் தனிக் கரண்ட் வேண்டும், மாடிப்படி மேலே மழை படாத பெட்டி வேண்டும். அந்தக் கரண்ட் யார் மீட்டரில் ஓடும் என்பதை மாட்டும் முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள்; சுவிட்ச் அணைந்தால் எட்டு வீட்டு டிவியும் ஒன்றாக அணையும்.